ஹாஸ்டல் கட்டிலுக்கு என்ன வாங்குவது? முதலில் துவைக்கும் இடத்தைப் பாருங்கள்

கல்லூரி விடுதிக்குப் படுக்கை வாங்கக் கிளம்பும் பெரும்பாலானோர் கையால் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மெத்தென்று இருக்கிறதா, வழவழவென்று இருக்கிறதா, நிறம் பிடித்திருக்கிறதா, சரி, பில் போடுங்கள். வீட்டுக்கு வாங்க இது போதும், ஏனென்றால் வீட்டில் மாற்று விரிப்பு அலமாரி நிறைய இருக்கும், காய வைக்க மொட்டைமாடியோ முற்றமோ இருக்கும். விடுதியில் ஒரு தளத்துக்கே ஒன்றிரண்டு வாஷிங் மெஷின்தான், அதற்கும் வரிசை, இல்லையென்றால் பக்கெட்டும் கைகளும். காயப் போட ஒரு கொடி, அதில் பக்கத்து அறைக்காரரின் ஜீன்ஸ் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் கீழே எதை எதோடு ஒப்பிட்டாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதைக் காலையில் துவைத்தால் ராத்திரி படுப்பதற்குள் காயுமா? காயாத பொருளை யாரும் துவைப்பதில்லை. துவைக்காத படுக்கையில் முகத்தில் பரு, மூக்கடைப்பு, ஒரு மாதிரியான வாடை என்று வரிசையாக வரும். சொகுசு அதற்கு அடுத்த இடத்தில் இருக்கட்டும்.

முதலில் அளவு. இது சின்ன விஷயம், ஆனால் பணம் வீணாவது இங்கேதான். ஒற்றைக் கட்டில் என்று சொன்னால் எல்லாம் ஒன்று இல்லை. 72, 75, 78 அங்குல நீளத்தில் எல்லாம் ஒற்றை மெத்தை வருகிறது, அகலமும் 30, 36 என்று மாறும். அமெரிக்க விடுதிகளில் நிறைய இடங்களில் இருப்பது ட்வின் எக்ஸ்எல், அதாவது 38க்கு 80 அங்குலம். கடையில் கிடைக்கும் சாதாரண ட்வின் 38க்கு 75. அந்த ஐந்து அங்குல வித்தியாசத்தில் எலாஸ்டிக் விரிப்பு கால்மாட்டில் மாட்டவே மாட்டாது, இழுத்து மாட்டினாலும் நடுராத்திரியில் படாரென்று கழன்று முதுகுக்கு அடியில் சுருண்டு கிடக்கும். பிரிட்டனில் ஒற்றை மெத்தை 90க்கு 190 சென்டிமீட்டர், ஐரோப்பாவில் பெரும்பாலும் 90க்கு 200. விடுதி அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒருவரை டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். நீளம், அகலம் மட்டும் போதாது, மெத்தையின் உயரமும் வேண்டும்.

அளவு கடைசிவரை தெரியவில்லையா? எலாஸ்டிக் விரிப்பை விட்டுவிட்டு, ஓரம் மடித்துச் செருகும் சாதாரண விரிப்பை எடுங்கள். எலாஸ்டிக் விரிப்பு போடுவதற்குச் சுலபம், புரண்டு படுத்தாலும் கலையாது, காலையில் வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் கட்டிலைச் சரிசெய்ய வேண்டியதும் இல்லை. உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு அளவுக்கு மட்டும்தான் உதவும். கொடியில் போட்டால் பை மாதிரி சுருங்கித் தொங்கும், அந்த மூலைகள் மட்டும் ஈரமாகவே இருக்கும். நாளாக ஆக எலாஸ்டிக்கும் தளர்ந்துவிடும். சாதாரண விரிப்பு எந்த மெத்தைக்கும் பொருந்தும், சீராகக் காயும், கோடையில் அதையே போர்த்திக்கொள்ளலாம், அறை மாறும்போது புத்தகங்களை மூட்டை கட்டலாம். மெஷினும் டிரையரும் இருக்கிற விடுதி, அளவும் உறுதியாகத் தெரியும் என்றால் எலாஸ்டிக். கைத்துவையல், கொடி என்றால் சாதாரணம். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை.

அடுத்து மெத்தை. இரண்டு வகை விடுதிகள் இருக்கின்றன: மெத்தை தருபவை, வெறும் கட்டிலை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுபவை.

வெறும் கட்டில் என்றால் தென்னை நார், ஃபோம், பஞ்சு என்று மூன்று வழி. நார் மெத்தை கெட்டியாக இருக்கும், காற்று உள்ளே புகும், வெப்பமான ஊரில் முதுகு வேர்க்காது, ஆனால் கனம், மடிக்க முடியாது, தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து படித்தால் அந்த இடம் பள்ளமாகும் (ஹாஸ்டல் கட்டில்தான் சோபா, மேஜை, சாப்பாட்டு அறை எல்லாம் என்பதால் இது நிச்சயம் நடக்கும்). பஞ்சு மெத்தை, அதிலும் இலவம்பஞ்சு, உடம்புக்கு இதமானது. இலவ நாரின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருப்பதால் அது வியர்வையைச் சட்டென்று உறிஞ்சாது, எடையும் குறைவு. ஆனால் துவைக்க முடியாது, அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கட்டியாகிவிடும். மெத்தையை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் போடும் மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஃபோம் மெத்தை எடை குறைவு, சுருட்டலாம், எங்கும் கிடைக்கும். வாங்கும்போது தடிமனை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அடர்த்தியைக் கேளுங்கள். ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்வார்கள். 32க்கு மேல் இருப்பது நாள்பட உழைக்கும், 20ஐ ஒட்டியது அழுத்தினால் மெத்தென்று இருந்துவிட்டு விரைவில் அப்பளமாகிவிடும். ஆறு அங்குல மட்டமான ஃபோமைவிட நாலு அங்குல நல்ல ஃபோம் மேல். மடக்கி வைக்கும் மூன்று துண்டு மெத்தையும் இருக்கிறது, இடம் மிச்சம் ஆகும், ஆனால் மடிப்பு வரும் இடம் இடுப்புக்கு நேராக வருகிறதா என்று படுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

விடுதியே மெத்தை தருகிறது என்றால், அதன்மேல் உங்களுக்கு முன்னால் பலர் படுத்திருக்கிறார்கள். அங்கே இரண்டு பொருள்கள் போட்டிக்கு வரும்: பாதுகாப்பு உறை, டாப்பர். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் உறையை வாங்குங்கள், அதுவும் மேலே மட்டும் மூடுவதை விட்டுவிட்டு, ஆறு பக்கமும் ஜிப் போட்டு மூடுவதை. மூட்டைப்பூச்சி சாப்பாடு இல்லாமல் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், விடுமுறையில் அறை காலியாகக் கிடந்ததால் பூச்சி செத்திருக்கும் என்று நம்ப முடியாது. முழு உறை போட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே அடைபடும், புதிதாக வருவதற்கும் மெத்தைக்குள் ஒளிய இடம் இருக்காது. உறையிலும் தரம் உண்டு. பிவிசி பிளாஸ்டிக் உறை மலிவு, ஆனால் புரளும்போதெல்லாம் சரசரக்கும், முதுகு வேர்க்கும். துணியின் உள்பக்கத்தில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டியது சத்தம் போடாது, தண்ணீரை விடாது, ஓரளவு ஆவியை வெளியே விடும். இதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

டாப்பர் என்பது மெத்தைக்கு மேல் போடும் இரண்டு மூன்று அங்குலக் குட்டி மெத்தை. விடுதி மெத்தை பலகை மாதிரி இருந்தால் இது பெரிய மாற்றம் தரும். மெமரி ஃபோம் டாப்பருக்குத்தான் விளம்பரம் அதிகம். 1966இல் நாசாவுக்காக விமான இருக்கை மெத்தைகளில் ஆரம்பித்த பொருள் அது, உடம்புச் சூட்டில் இளகி உருவத்துக்கு ஏற்பக் குழியும். அந்தக் குழிதான் சிக்கலும்கூட, உடம்பைச் சுற்றி மூடிக்கொள்வதால் சூடு வெளியே போகாது. ஏசி இல்லாத அறையில், வெயில் காலத்தில், மெமரி ஃபோம் ஒரு தண்டனை. லேடெக்ஸ் (ரப்பர் நுரை) துள்ளல் உள்ளது, அவ்வளவு சூடாகாது, ஆனால் விலையும் எடையும் அதிகம், நேரடி வெயிலில் போட்டால் நொறுங்க ஆரம்பிக்கும். ஃபைபர் அடைத்த மெல்லிய டாப்பர் சில மாதங்களில் தட்டையாகும், ஆனால் இந்த மூன்றில் மெஷினில் போட்டுத் துவைக்கக்கூடியது அது ஒன்றுதான். என் யோசனை: போகும்போதே டாப்பர் வாங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் அந்த மெத்தையில் தூங்கிப் பாருங்கள். நிறையப் பேருக்கு அது தேவையே படாது.

மேல் கட்டிலில் படுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுக்குக் கட்டிலின் தடுப்புக் கம்பி மெத்தையின் மேல்பரப்பிலிருந்து குறைந்தது ஐந்து அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. விதி எங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூக்கத்தில் உருளும் உடம்புக்குக் கணக்கு ஒன்றுதான். மூன்று அங்குல டாப்பரைப் போட்டால் அந்த உயரத்தில் மூன்று அங்குலம் போய்விடும். மேல் கட்டில் என்றால் டாப்பர் வேண்டாம், அல்லது ஒரே அங்குலத்தில் ஒன்று.

இப்போது விரிப்புத் துணி. கடைக்காரர் அதிகம் பேசும் இடமும் இதுதான், குழப்பம் அதிகம் உள்ள இடமும் இதுதான்.

உண்மையான போட்டி பருத்திக்கும் மைக்ரோஃபைபருக்கும் இடையில். மைக்ரோஃபைபர் என்பது மிக மெல்லிய பாலியஸ்டர் இழை, பட்டுபோல இருக்கும், சுருங்காது, சாயம் போகாது, விலை குறைவு. சாதாரண அறைச் சூழலில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கி வைத்திருக்கும், பாலியஸ்டருக்கு அது அரை சதவீதம்கூட வராது. இந்த ஒரு எண்ணில் இரண்டின் நல்லதும் கெட்டதும் அடங்கிவிடுகிறது. பாலியஸ்டர் ஈரத்தை வாங்காததால் கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். அதே காரணத்தால் உங்கள் வியர்வையையும் வாங்காது, அது தோலிலேயே பிசுபிசுக்கும். பருத்தி வியர்வையை இழுத்துக்கொள்ளும், தோல் உலர்ந்திருக்கும், ஆனால் மழைக்காலத்தில் காய ஒரு நாள் கேட்கும், இஸ்திரி போடாவிட்டால் கசங்கலாக இருக்கும் (யார் பார்க்கப் போகிறார்கள்). மட்டமான மைக்ரோஃபைபரில் சில மாதம் துவைத்ததும் குட்டிக் குட்டியாகப் பிசிறு உருண்டைகள் வரும், குளிர் காலத்தில் போர்வையை உதறினால் சடசடவென்று பொறி பறக்கும், எண்ணெய்க் கறையையும் வாசனையையும் அது லேசில் விடாது.

எனவே நான் பிரிப்பது இப்படி. வேர்க்கும் ஊர், ஏசி இல்லை என்றால் பருத்திதான், காய்வதற்கு நேரம் ஆனாலும். குளிரூட்டிய அறை, அல்லது குளிர்ப் பிரதேசம், துவைக்கவும் சோம்பேறித்தனம் என்றால் மைக்ரோஃபைபர் தாராளமாகப் போதும், அதை யாராவது மட்டம் என்றால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் பருத்தி-பாலியஸ்டர் கலவை இருக்கிறது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் துணி இல்லை, ஆனால் ஓரளவு வியர்வையும் வாங்கும், சீக்கிரமும் காயும், கசங்காது. பருத்தி பாதிக்கு மேல் இருக்கும் கலவையாகப் பார்த்து எடுத்தால் ஹாஸ்டலுக்கு இதைவிட நடைமுறையான துணி இல்லை என்பேன்.

பருத்திக்குள்ளேயே நெசவு வேறுபாடு உண்டு. ஒரு இழை மேலே, ஒரு இழை கீழே என்று நெய்வது பர்கேல்: மொரமொரவென்று, காற்றோட்டமாக இருக்கும். நாலு இழைக்கு மேலே ஓடி ஒன்றுக்குக் கீழே போவது சாட்டீன்: பளபளப்பும் வழவழப்பும் அதிகம், கொஞ்சம் கனம், கொஞ்சம் சூடு, ஜிப்பிலோ கடிகாரத்திலோ மாட்டினால் நூல் இழுபடும். விடுதிக்குப் பர்கேல். த்ரெட் கவுன்ட் என்று 800, 1000 எல்லாம் அச்சிட்டு வரும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு சதுர அங்குலத்தில் குறுக்கும் நெடுக்கும் எத்தனை இழை என்பதுதான் அந்த எண். அங்கே இடம் அவ்வளவுதான், அதனால் பல புரிகளை முறுக்கிச் செய்த இழையில் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணித்தான் பெரிய எண்ணைக் காட்டுகிறார்கள். 200 முதல் 400 வரை போதும். எண் ஏற ஏறத் துணி அடர்த்தியாகும், காய இன்னும் நேரம் ஆகும். கசங்காத பருத்தி என்று விற்பதில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைட் சேர்ந்த பிசின் பூச்சு இருக்கும், தோல் உணர்வு அதிகம் உள்ளவர்கள் துவைத்துவிட்டுப் போடுவது நல்லது. மூங்கில் விரிப்பு என்று வருவது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து ரசாயன முறையில் எடுத்த விஸ்கோஸ், மென்மையானது, குளுமையாகவும் இருக்கும், ஆனால் ஈரத்தில் பலவீனமாகிவிடும், பொது மெஷினின் முரட்டுத்தனத்துக்கு அது தாங்காது. லினன் நல்ல துணி, மாணவர் பட்ஜெட்டுக்கு வெளியே, விட்டுவிடலாம்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. முகப்பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு கிரீம் போடுகிறவர்கள் கருநீலம், கறுப்பு, சிவப்பு என்று தலையணை உறை வாங்கினால் சில வாரங்களில் அங்கங்கே வெளிறிய திட்டுகள் வந்துவிடும், அது கறை இல்லை, சாயமே வெளுத்துப்போனது, எந்தச் சோப்பாலும் திரும்பாது. அவர்களுக்கு வெள்ளை அல்லது வெளிர் சாம்பல். மற்றவர்களுக்கு நடுத்தரமான நிறமும் கொஞ்சம் பூவோ கட்டமோ போட்டதும் நல்லது, டீக்கறை தெரியாது.

போர்த்திக்கொள்ள என்ன என்பதில்தான் எல்லோரும் தவறான திசையில் செலவு செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். படத்தில் அழகாகத் தெரிவது தடிமனான கம்ஃபர்ட்டர், அதாவது உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. அதை வைத்துக்கொண்டு செமஸ்டர் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள், எத்தனை முறை துவைத்தீர்கள் என்று. விடுதி மெஷினின் டிரம்முக்குள் திணித்தால் தண்ணீர் உள்ளே இறங்கச் சுழல இடம் இருக்காது, வெளியே எடுத்தால் சொட்டச் சொட்ட ஒரு ஆள் கனம், கொடியில் போட்டால் கொடி அறுந்துவிடும், நடுவில் இருக்கும் பஞ்சு காயாமல் பூஞ்சை வாடை பிடிக்கும். அதற்கு மாற்றாக டூவே, அதாவது உள்ளே ஒரு மெத்தைப் போர்வை, வெளியே கழற்றித் துவைக்கும் உறை. உறை மட்டும் விரிப்பு மாதிரி துவைக்கப்படும் என்பதால் இது கம்ஃபர்ட்டரைவிடப் பல மடங்கு மேல், உறையை மாட்டும்போது ஐந்து நிமிடம் மல்லுக்கட்ட வேண்டும், அவ்வளவுதான். வாங்கும்போது உள்ளே நாலு மூலையிலும் முடிச்சுப் போட நாடா இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் போர்வை கால்பக்கமாகச் சரிந்து உறை மட்டும் உங்கள் மேல் இருக்கும்.

ஆனால் என் ஓட்டு இரண்டு மெல்லிய போர்வைகளுக்கு. ஒரு பருத்திப் போர்வை, அதன்மேல் ஒரு ஃபிளீஸ் (மெத்தென்ற பாலியஸ்டர் போர்வை) அல்லது கம்பளி. ஏன் என்றால் அந்த அறையில் நீங்கள் தனியாக இல்லை. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்பவர் ஒருவர், மூடச் சொல்பவர் ஒருவர், ஏசி ரிமோட் எப்போதும் யாரோ ஒருவர் கையில், மின்விசிறி அவர் தலைக்கு மேல். மேல் கட்டிலில் வெப்பக்காற்று மேலே சேர்ந்து ஒரு வானிலை, கீழ் கட்டிலில் வேறு வானிலை. ஒரே தடிமன் போர்வை இருந்தால் ஒன்று வேர்க்கும் அல்லது நடுங்கும், இரண்டு மெல்லியது இருந்தால் தேவைக்கு ஏற்ப ஒன்றை உதறிவிடலாம், தனித்தனியாகத் துவைக்கலாம், இரண்டும் சாயங்காலத்துக்குள் காயும். கம்பளியில் ரோமக் கம்பளி சாதாரண அறைச் சூழலிலேயே தன் எடையில் சுமார் 16 சதவீதம் ஈரம் வாங்கியும் சூட்டை விடாது, ஆனால் அரிக்கும், மெஷினில் போட்டால் சுருங்கும். ஃபிளீஸ் அதில் பாதிச் சொகுசு, ஆனால் அரை நாளில் காய்ந்துவிடும்.

நிஜமாகவே கடும் குளிர் உள்ள ஊர் என்றால் மட்டும் இந்தத் தீர்ப்பு மாறும். அங்கே டூவே எடுங்கள். எவ்வளவு சூடு தரும் என்பதை பிரிட்டன் கணக்கில் டாக் என்ற எண்ணில் சொல்வார்கள்: 4.5 கோடைக்கு, 10.5 பெரும்பாலான மாதங்களுக்கு, 13.5 நல்ல குளிருக்கு. அறையில் ஹீட்டர் ஓடுகிறது என்றால் 10.5 தாராளம். உள்ளே இறகா, ஃபைபரா என்றால் ஃபைபர். இறகு எடையில்லாமல் சூடு தரும், ஆனால் நனைந்தால் காய்வதற்குப் பெரிய டிரையரும் பொறுமையும் வேண்டும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். மின்சாரக் கம்பளி வாங்குவதற்கு முன் விதிமுறைப் புத்தகத்தைப் படியுங்கள், தீப்பிடிக்கும் பயத்தால் பல விடுதிகளில் அதற்குத் தடை.

தலையணை. விரிப்பில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, இதில் வேண்டாம். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும், மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரம், குப்புறப் படுப்பவருக்கு மிக மெல்லியது. மெமரி ஃபோம், லேடெக்ஸ் தலையணைகள் வடிவம் கெடாது, ஆனால் துவைக்க முடியாது, ஜிப் உறை போட்டுத்தான் வைக்க வேண்டும். ஃபைபர் தலையணையைத் துவைக்கலாம், ஒரு வருடத்தில் நொந்துபோகும். இரண்டாக மடித்து விட்டுப் பாருங்கள், தானாக விரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, மடிந்தபடியே கிடந்தால் மாற்றுங்கள். வீட்டில் பழகிய தலையணை நன்றாக இருந்தால் அதையே எடுத்துப்போவது எல்லாவற்றையும்விட நல்லது. முதுகுக்கு வைத்துப் படிக்க இன்னொன்று வேண்டும், அதற்கு மட்டமானதே போதும்.

எல்லாம் ஒரே பையில் செட்டாக வருவதை வாங்கலாமா? விரிப்பு, உறை, கம்ஃபர்ட்டர், அலங்காரத் தலையணை என்று ஒரே நிறத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். வசதிதான். ஆனால் அதில் கம்ஃபர்ட்டரும் அலங்காரத் தலையணையும்தான் பாதி விலை, இரண்டும் உங்களுக்கு வேண்டாதவை, தினமும் தோலில் படும் விரிப்பு ஒன்றே ஒன்று, அதுவும் செட்டிலேயே மட்டமான துணியாக இருக்கும். தனித்தனியாக எடுத்தால் அதே பணத்தில் நல்ல விரிப்பு இரண்டு வரும். எத்தனை வேண்டும் என்றால் விரிப்பு இரண்டு (மழை அதிகம், டிரையர் இல்லை என்றால் மூன்று), தலையணை உறை நாலு, போர்வை இரண்டு. உறை மட்டும் ஏன் நாலு என்றால் முகம் படுவதை வாரம் இரண்டு முறையாவது மாற்ற வேண்டும், அது கைக்குட்டை துவைப்பது போலச் சட்டென்று முடிந்துவிடும்.

புதிதாக வாங்கியதை வீட்டிலேயே ஒரு முறை துவைத்து எடுத்துப்போங்கள், பருத்தி சுருங்குவதாக இருந்தால் அங்கே சுருங்கட்டும், சாயம் போவதாக இருந்தால் அங்கே போகட்டும். அறைக்குள் நுழைந்ததும் விரிப்பைப் போடுவதற்கு முன் மொபைல் டார்ச் அடித்து மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டில் மூட்டுகளையும் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் (மூட்டைப்பூச்சியின் அடையாளம்) கூட்டமாக இருந்தால் அன்றைக்கே வார்டனிடம் சொல்லி மெத்தையை மாற்றச் சொல்லுங்கள், பையைக் கட்டிலில் வைக்காதீர்கள். பிறகு சந்தேகம் வந்தால், துணி தாங்கும் என்றால், 60 டிகிரி சூட்டில் துவைப்பதோ டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுவதோ பூச்சியைக் கொல்லும், பச்சைத் தண்ணீர்த் துவையல் ஒன்றும் செய்யாது. விரிப்பின் மூலையில் அழியாத மையில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள், ஒரே கடையில் ஒரே நீல விரிப்பை வாங்கியவர்கள் அந்தத் தளத்தில் நிச்சயம் இன்னும் சிலர் இருப்பார்கள்.